விரலுக்கு ஒரு இரும்புச் சட்டை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், தையல் மற்றும் கட்டிங் தொழில் செய்யும் குழுக்களுக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் வாங்கறது, கடன் கட்டறது, மார்க்கெட்டிங் இதைப் பத்தியெல்லாம் காலையிலிருந்து நல்லாப் பேசினாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு வேற. கட்டிங்ல போடற இரும்பு கிளவுஸ் பத்திப் பேசச் சொன்னாங்க. "ஒரு கிளவுஸ் பத்தி அரை மணி நேரம் என்னத்தப் பேசறது"ன்னு யாராவது நினைச்சீங்கன்னா, உங்க இடது கையை ஒரு தரம் விரிச்சுப் பாத்துக்கோங்க. அந்த அஞ்சு விரல் பத்தித்தான் பேசப்போறேன்.

நம்ம திருமுருகன்பூண்டியில ரோட்டோரம் நடந்தா உளிச் சத்தம் கேக்கும். அந்தச் சிற்பிகள் சாமி சிலைக்குக் கல்லுலயே கவசம் செதுக்கறாங்க. கோயில்ல வருஷா வருஷம் வேடுபறித் திருவிழா நடக்குது. சுந்தரர் கொண்டுவந்த பொருளையெல்லாம் வேடர் வேஷத்துல வந்தவங்க பறிச்சுக்கிட்டாங்க, அப்புறம் பதிகம் பாடித் திரும்ப வாங்கினாருங்கறது நம்ம ஊர்க் கதை. பறிபோன பொருள் அவருக்குத் திரும்பக் கிடைச்சுது. கட்டிங் டேபிள்ல பறிபோன விரல் எந்தப் பதிகம் பாடினாலும் திரும்ப வராதுங்க. அதனாலதான் இந்தப் பேச்சு.

முதல்ல, இந்த இரும்பு கிளவுஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். சரித்திரப் படத்துல வெளிநாட்டுப் போர்வீரன் உடம்போட ஒட்டி வெள்ளியாட்டம் மினுங்கற ஒரு சட்டை போட்டிருப்பான் இல்லீங்களா, அதுதான் இது. சின்னச் சின்ன இரும்பு வளையத்தை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்துச் செஞ்ச வளையச் சட்டை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவில கெல்ட் மக்கள்கிட்ட இது இருந்துச்சு. அவங்ககிட்டயிருந்து ரோமானியப் படை எடுத்துக்கிச்சு. நம்ம நாட்டுல முகலாயப் படையிலயும் வளையமும் தகடும் சேர்ந்த சட்டை போட்டாங்க. முழங்கால் வரைக்கும் வர்ற முழுச் சட்டை ஒண்ணு 10 கிலோவுக்குப் பக்கமா வரும்.

அதோட பின்னலைப் பாத்தா பனியன்காரங்க நமக்கு உடனே புரிஞ்சிடும். ஒரு வளையம் பக்கத்துல இருக்கிற நாலு வளையத்துக்குள்ள போகும். அந்த நாலும் ஒவ்வொண்ணும் வேற நாலைப் பிடிச்சுக்கும். நிட்டிங்ல லூப் லூப்பைப் பிடிக்கற மாதிரிதான். அதனாலதான் இரும்பா இருந்தும் துணியாட்டம் மடங்குது, இழுத்தா விரியுது. இரும்புல பின்னின பனியன்னு வெச்சுக்கோங்களேன்.

துப்பாக்கி வந்த பிறகு போர்க்களத்துல அந்தச் சட்டைக்கு வேலை போயிடுச்சு. ஆனா கத்தி இருக்கிற எடத்துல வேலை இருந்துக்கிட்டே இருக்குது. கறி வெட்டறவங்க, மீன் வெட்டறவங்க கையில அது கிளவுஸா மாறிச்சு. அங்கிருந்து கட்டிங் செக்சனுக்கு வந்துச்சு. இன்னைக்கு பையர் ஆடிட்டுக்கு வர்ற ஆளு கட்டிங் டேபிள்ல முதல்ல தேடறது இதைத்தான்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். பனியன் கம்பெனியில பொம்பளைங்க சிங்கர், ஓவர்லாக், செக்கிங், கைமடின்னு இருப்போம். கட்டிங் ஆம்பளைங்க வேலைன்னே ரொம்ப நாள் இருந்துச்சு. இப்போ குழுவாச் சேர்ந்து சின்ன யூனிட் போடறோம். ஆள் வெச்சு வெட்டினா கட்டுபடியாகறதில்லைன்னு நம்ம உறுப்பினர்களே கட்டிங் மெஷினைப் பிடிக்கறாங்க. எங்க குழுவிலயும் அப்படித்தான், நானும் வெட்டறேன். பெருமையாத்தான் இருக்குது. ஆனா வேலை நம்ம கைக்கு வர்றப்போ அதோட ஆபத்தும் நம்ம கைக்கு வருது.

ஸ்ட்ரெய்ட் நைஃப் மெஷின்ல கத்தி மேலும் கீழும் போகும். நம்ம ஊர் கரண்டுக்கு மோட்டார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,000 சுத்து சுத்தும். அப்படின்னா நொடிக்கு 50 தடவை கத்தி ஏறி இறங்குது. ஒரு தும்மல் போடற நேரத்துல அம்பது வெட்டு. வலது கை மெஷினைத் தள்ளும், இடது கை கத்திக்கு முன்னால துணி அசையாம அமுக்கிப் பிடிக்கும். அந்த இடது கையிலதான் இந்த கிளவுஸ் போடணும். பேண்ட் நைஃப்ல கத்தி நின்ன எடத்துல ஓடும், நாம துணியைத் தள்ளிக்கிட்டுப் போறோம். அங்க ரெண்டு கையும் கத்திக்கு நேரா இருக்கறதால ரெண்டு கைக்கும் வேணும்.

விரலுக்குச் சட்டம் என்ன கணக்கு வெச்சிருக்குன்னு தெரியுமுங்களா? 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல முதல் அட்டவணைன்னு ஒண்ணு இருந்துச்சு. வேலையில ஒரு விரல் போச்சுன்னா, சம்பாதிக்கிற திறன்ல நூத்துக்கு எவ்வளவு போச்சுன்னு அதுல போட்டிருந்தாங்க. கட்டை விரல் போனா 30. ஆள்காட்டி விரல் முழுசாப் போனா 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனா 7. ஆள்காட்டி விரல் நுனி மட்டும், எலும்பு போகாம வெட்டுப்பட்டா 5.

சட்டத்துக்கு ஒரு கணக்கு வேணும், போட்டிருக்காங்க. ஆனா நீங்களே சொல்லுங்க, சிங்கர் தைக்கிறவளுக்கு ஆள்காட்டி விரல் போனா நூத்துக்கு 14 தான் போகுமா? ஊசிக்கு நூல் கோர்க்க எந்த விரல் வேணும்? பூக் கட்ட, குழந்தைக்குத் தலை பின்ன எந்த விரல் வேணும்? எங்க பக்கத்துல ஒரு சின்ன யூனிட்ல, அவசர ஆர்டர்னு ராத்திரி வெட்டினப்போ ஒரு பொண்ணுக்கு விரல் நுனி போச்சு. கிளவுஸ் அந்த யூனிட்ல இருந்துச்சுங்க. ஆணியில மாட்டி, கவர்கூடப் பிரிக்காம, ஆடிட்டுக்குக் காட்டறதுக்காகவே தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

அதனால கிளவுஸ் வாங்கறது, போடறது, பாத்துக்கறது மூணையும் தனித்தனியாச் சொல்றேன். குறிப்பு எடுக்கறவங்க எடுத்துக்கோங்க.

வாங்கும்போது:

கடையில ரெண்டு விதம் கிடைக்கும். வளையத்தோட ரெண்டு முனையையும் வெல்டிங் பண்ணி மூடினது ஒண்ணு. சும்மா வளைச்சு முனையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சது இன்னொண்ணு. வெல்டிங் பண்ணினதைத்தான் வாங்கணும். சோதிக்கறது சுலபம். ஒரு ஊசி எடுத்துட்டுப் போங்க. ஒரு வளையத்துக்குள்ள ஊசியை விட்டு நெம்புங்க. வளையம் வாயைத் திறந்துச்சுன்னா அங்கேயே வெச்சிட்டு வந்துடுங்க. முழுசும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கணும். சாதாரண இரும்புன்னா வேர்வையில துரு ஏறி வெள்ளைத் துணியில கறை பிடிக்கும்.

ஐ.எஸ்.ஓ 13999 முத்திரை இருக்குதான்னு கேளுங்க. கத்தி வெட்டு, குத்துக்கான கிளவுஸுக்கு அது ஒரு தர அளவு. ஆனா ஒண்ணு கவனிக்கணும், அந்த அளவே கையில பிடிக்கிற கத்திக்குப் போட்டது, மோட்டார்ல ஓடற கத்திக்கு இல்லீங்க. கத்தி தெரியாமப் பட்டா விரலைக் காக்கும், கையை இழுத்துக்க ஒரு கண நேரம் கொடுக்கும். போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல கத்திக்கிட்ட கையைக் கொண்டு போறதுக்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

அடுத்தது சைஸ். பொம்பளைங்க நமக்கு முக்கியமே இதுதான். கடையில எடுத்துக் குடுக்கறது பெரும்பாலும் ஆம்பளைக் கைக்கு. நம்ம கையில போட்டா விரல் நுனியில அரை அங்குலம் தொங்கும். தொங்கற நுனி கத்திக்கு அடியில மாட்டினா கையையே உள்ள இழுக்கும். பெரிய சைஸ் கிளவுஸ் கிளவுஸே இல்லாததை விட மோசம். மணிக்கட்டுப் பட்டையோட கலரை வெச்சு சைஸ் சொல்றது பல கம்பெனியில வழக்கம். வெள்ளை சின்னது, சிவப்பு நடுத்தரம், நீலம் பெரியது. வெள்ளை கேட்டு வாங்குங்க. கடைக்காரர் "இல்லைம்மா, இதையே போட்டுக்கலாம்"னாருன்னா வேற கடை பாருங்க. அஞ்சு விரலும் மூடறதும் உண்டு, கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மூடற மூணு விரல் கிளவுஸும் உண்டு. புதுசாப் பழகறவங்களுக்கு அஞ்சு விரல்தான் நல்லது.

கட்டிங் மெஷின் விலையில இது ஒரு சின்னப் பங்குதான். அதனால மெஷினுக்குக் கடன் போடும்போதே கிளவுஸையும் அதே எஸ்டிமேட்ல சேர்த்துடுங்க. அப்புறமா வாங்கிக்கலாம்னு விட்டா அந்த அப்புறம் வரவே வராது.

போடும்போது:

வெறும் கையில போட்டா வேர்க்கும், வளையம் அழுத்தும், சித்திரை வைகாசியில கை வெந்து போகும். அதைச் சொல்லித்தான் எல்லாரும் கழட்டி வெக்கறாங்க. இதுக்கு எங்க குழுவுல ஒரு வழி பண்ணினோம். கட்டிங் வேஸ்ட்ல இன்டர்லாக் துணி எடுத்து, கை அளவுக்கு ஒரு உள் கிளவுஸ் தைச்சோம். ஆளுக்கு ரெண்டு. இரும்பு கிளவுஸ் பொது, உள் கிளவுஸ் அவங்கவங்க சொந்தம். தினம் துவைச்சு மாத்திக்கலாம். தோல் வியாதியும் ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்குப் பரவாது. அந்தக் காலத்துப் போர்வீரனும் இரும்புச் சட்டைக்குள்ள பஞ்சு வெச்சுத் தைச்ச சட்டை ஒண்ணு போட்டுத்தான் இருந்திருக்கான். இரும்பு வெட்டைத் தாங்கும், துணி அடியைத் தாங்கும்.

கிளவுஸுக்கு முன்னால மெஷின்லயே ஒரு காப்பு இருக்குது. கத்திக்கு முன்னால இறங்கற கார்டு. துணி அடுக்கு எவ்வளவு உயரமோ அதுக்குச் சட்டுனு மேல கார்டை இறக்கி வெச்சுத்தான் சுவிட்சைப் போடணும். அடுக்கு குறைஞ்சா கார்டும் இறங்கணும். கத்தி மாத்தும்போதும் பஞ்சு எடுக்கும்போதும் சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்கையே பிடுங்கிடணும்.

இந்த கிளவுஸ் போடக் கூடாத எடமும் இருக்குதுங்க. தையல் மெஷின், பட்டன் மெஷின், துணியில ஓட்டை போடற டிரில், பெல்ட் ஓடற எடம் இங்கெல்லாம் போடவே கூடாது. சுத்தற பாகத்துல வளையம் மாட்டினா விரலோட விடாது, கையையே இழுத்துக்கும். இரும்பு கரண்டைக் கடத்தும்ங்கறதையும் மறந்துடாதீங்க. வயர் பிஞ்சு டேப் சுத்தின மெஷின்ல இரும்பு கிளவுஸோட கை வெக்கறது ஒரு ஆபத்துக்குப் பயந்து இன்னொரு ஆபத்துல விழறது.

பாத்துக்கும்போது:

தினமும் வேலை முடிஞ்சதும் நல்லா உதறிப் பஞ்சை எடுக்கணும். வளையத்துக்குள்ள பஞ்சு அடைஞ்சா வேர்வை ஊறும், நாத்தம் வரும், உடைஞ்ச வளையம் கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணியில சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷ்ல தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, துணி மேல விரிச்சு உலர்த்துங்க. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். குளோரின் பட்டா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயும் ஊசி குத்தின மாதிரி குழி விழும். எண்ணெயும் போடாதீங்க, நம்ம துணியில கறை ஆகும்.

உலர்ந்ததும் உள்ள கையை விட்டு விரிச்சு, கருப்பு பேப்பர் மேலயோ டியூப் லைட்டுக்கு நேராவோ பிடிச்சுப் பாருங்க. ஆள்காட்டி விரல் நுனி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சந்து, இந்த ரெண்டு எடத்துலதான் முதல்ல தேயும். ஒரு வளையம் விட்டிருந்தாலும் அந்த கிளவுஸை ஓரம் கட்டணும். "ஒண்ணுதானே, நூல் போட்டுக் கட்டிடலாம், பின் குத்திக்கலாம்"னு சொல்லாதீங்க. ஒரு வளையம் நாலைப் பிடிச்சிருக்குதுன்னு சொன்னேன் இல்லீங்களா. ஒண்ணு வாயைத் திறந்தா அது தாங்கின பாரம் பக்கத்து நாலுக்கும் போகுது. குழுவுல ஒருத்தர் தவணையை நிறுத்தினா மத்தவங்க தலையில விழறதை நாம பாத்திருக்கோம், அதே கதைதான்.

விட்ட வளையம் எங்க போச்சுன்னும் தேடணும். அது துணி அடுக்குக்குள்ள விழுந்து குழந்தை உடுப்புல போயிருந்தா என்னாகும்? "நீடில் டிடெக்டர் பிடிச்சிடும்"னு நம்பாதீங்க. அந்த மெஷின் காந்தத்துல ஒட்டற இரும்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு வெச்சது. ஊசி மாட்டும். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெரும்பாலும் காந்தத்துல ஒட்டாது, தப்பிச்சுப் போயிடலாம். அதனால உடைஞ்ச ஊசி ரிஜிஸ்டர் போடற மாதிரி கிளவுஸுக்கும் ஒரு ரிஜிஸ்டர் போடுங்க. தேதி, யார் போட்டது, வளையம் சரியா, கையெழுத்து. ரெண்டு நிமிஷ வேலை.

பழசாப் போன கிளவுஸைக் கத்தரிச்சு நடுவுல வெட்டிப் போட்டுடுங்க. முழுசாக் கொடுத்தா பழைய சாமான் கடை வழியா வேற ஒரு சின்ன யூனிட்டுக்குப் போய், வேற ஒரு பொண்ணு கையில ஏறும். நமக்கு ஆகாதது அவளுக்கும் ஆகாதுங்க.

இந்த வளையச் சட்டையில நமக்கு வருமானம் இருக்குதான்னு ரெண்டு குழு என்கிட்ட விசாரிச்சாங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வேலு நாச்சியார், கட்டபொம்மன்னு குழந்தைகளுக்கு வேஷம் கட்டறாங்க, கவசம் கேக்கறாங்கன்னு சொன்னாங்க. குழந்தைக்கு இரும்பு வேண்டவே வேண்டாம். சாம்பல் கலர் ரிப் துணியில சில்வர் பிரிண்ட் போட்டுத் தைச்சா மேடைக்கு நல்லாத் தெரியும். சினிமாவுலயும் நூல்ல பின்னி வெள்ளிச் சாயம் பூசி எடுத்திருக்காங்க. தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்துக்கு பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டா வெட்டி வளையமாக்கிக் கோர்த்தாங்க.

நிஜ வளையம்தான் வேணும்னு பெரியவங்க நாடகக் குழு கேட்டா அலுமினியக் கம்பி எடுங்க. இரும்புல மூணுல ஒரு பங்குதான் எடை. பென்சில் கனத்துல ஒரு கம்பியில ஸ்பிரிங் மாதிரி சுத்தி, கட்டர்ல வரிசையா வெட்டினா வளையம் கிடைக்கும். ரெண்டு கொறடு வெச்சு, ஒண்ணுக்கு நாலுன்னு கோர்க்கணும். முனை ரெண்டும் நேருக்கு நேர் முட்டணும், இல்லேன்னா உள்ள போடற பனியனைக் கொக்கி போட்டுக் கிழிக்கும். அலுமினியம் துணியில கருப்பு ஏத்தும், அதனால வெள்ளைத் துணிக்கு மேல போடக் கூடாது. ஜி.ஐ. கம்பியில செஞ்சா ஈரம் படாம எண்ணெய்த் துணியால துடைச்சுப் பையில படுக்க வெச்சு எடுத்து வெக்கணும், ஆணியில தொங்க விட்டா எடையில வளையம் திறந்துக்கும். அது நாடகக் கவசம் மட்டும்தான், வெல்டிங் இல்லாதது. அதைக் கட்டிங் டேபிள்ல யாரும் கையில சுத்திக்கக் கூடாது.

ஐரோப்பாவில பெரியவங்களே போர்வீரன் வேஷம் போட்டு, காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு, ரெண்டு மூணு நாள் ஒரு கதைக்குள்ள வாழ்ந்து விளையாடறாங்க. லார்ப்னு பேரு. அவங்களுக்கு வாள், கவசம் செஞ்சு அனுப்பற கம்பெனி நம்ம நாட்டுலயே டேராடூன்ல இருக்குது. விண்ட்லாஸ்னு பேரு, 1943-ல கூர்க்கா சிப்பாய்களுக்குக் குக்ரி கத்தி செய்யறதுல ஆரம்பிச்சது. வளையம் கோர்க்கறதுல அவங்களோட நாம போட்டி போட முடியாது. ஆனா இரும்புக்கு உள்ள போடற பஞ்சுச் சட்டை தைக்கிற வேலை நமக்குத் தெரிஞ்ச வேலை. யோசிச்சுப் பாருங்க. விலை சொல்றதுக்கு முன்னால ஒண்ணு தைச்சு, கடிகாரம் வெச்சு நேரத்தைக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். கிளவுஸ் போட்டா முதல் வாரம் வேலை மெதுவாத்தான் போகும். பீஸ் ரேட்ல இருக்கிறவங்களுக்கு அது கூலிக் குறைச்சல். அதனால "போடு, போடு"ன்னு சொன்னா மட்டும் யாரும் போட மாட்டாங்க. எங்க குழுவுல, புதுசா கட்டிங் பழகற உறுப்பினருக்கு முதல் ரெண்டு வாரம் பீஸ் ரேட் இல்லாம நாள் கூலின்னு தீர்மானம் போட்டோம். கை பழகின பிறகு வேகம் தானா வந்துச்சு. விரலைக் காக்கற செலவை அந்த ஒருத்தி மேல போடக் கூடாது, குழுதான் ஏத்துக்கணும்.

நம்ம குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் இருக்குது. கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்குப் புத்தகம் அஞ்சும் தவறாம நடக்கணும். கையிலயும் அஞ்சு இருக்குது. அந்த அஞ்சும் இருந்தாத்தான் இந்த அஞ்சும் நடக்கும். அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வெக்கறேனுங்க. கட்டிங் மெஷினுக்குக் கடன் சிபாரிசு பண்ணும்போது, சரியான சைஸ் கிளவுஸுக்கு பில் இருக்குதான்னு பாக்கணும். கட்டிங் செய்யற எல்லாக் குழுவும் கிளவுஸ் ரிஜிஸ்டர் வெக்கணும், மாசக் கூட்டத்துல வரவு செலவு படிக்கிறப்போ அதையும் படிக்கணும். சின்ன சைஸ் கிளவுஸ் எல்லாக் குழுவுக்கும் சேர்த்து மொத்தமா வாங்கணும். தனித்தனியாப் போய்க் கேட்டா "இல்லைம்மா"ங்கிறவங்க, முப்பது ஜோடி வேணும்னு கேட்டா வரவழைச்சுக் கொடுப்பாங்க.

மாதிரிக்கு ரெண்டு கிளவுஸும் ஒரு உள் கிளவுஸும் அந்த மேசையில வெச்சிருக்கேன். சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரும் கையில போட்டுப் பாத்து, உங்க சைஸ் என்னன்னு நோட்டுல எழுதிட்டுப் போங்க.